பச்சை லைட்டு எரிஞ்சா போதுமா?

செமஸ்டர் முடிந்தது, இனிமேல்தான் மூச்சு விட நேரம். பி.காம். படிக்கிற பயலுக்கு நெட்வொர்க் ஸ்விட்ச்சில் என்னடே வேலை என்று நீங்கள் கேட்கலாம். அந்த வியாழக்கிழமை வரைக்கும் எனக்கும் ஒரு வேலையும் கிடையாது. சுவரில் மாட்டியிருக்கும், பச்சை பச்சையாகக் கண் சிமிட்டும், அவ்வளவுதான் தெரியும்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு டேலி ப்ராக்டிகல். மாடியில் வணிகவியல் லேப், 40 கம்ப்யூட்டர். முந்தின நாள் காலையில் கொஞ்சம் பழகிப் பார்ப்போமே என்று கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஏப்ரல் 5-ஆம் தேதி ரொக்கக் கொள்முதல். தேதி அடித்தால் டேலி வாங்க மாட்டேன் என்கிறது. 12 அடித்தேன், அதுவும் இல்லை. 1 அடித்தால் வாங்குகிறது, 2 வாங்குகிறது. டேலி தொட்டவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். லைசென்ஸ் கிடைக்காவிட்டால் அது எஜுகேஷனல் மோடுக்குப் போய்விடும். அதில் 1, 2, 31 இந்த மூன்று தேதிகளில் மட்டும்தான் வவுச்சர் போடலாம். வருஷம் பூரா ஒரு கடைக்காரன் மாசத்தில் மூணு நாள் மட்டும் கடை திறக்கிற மாதிரி.

எங்கள் லேப்பில் இருப்பது கோல்டு லைசென்ஸ். ஒரே ஒரு கம்ப்யூட்டரில் லைசென்ஸ் இருக்கும், மற்றதெல்லாம் நெட்வொர்க் வழியாக அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். அந்தக் கம்ப்யூட்டர் கீழே ஆபீஸ் பக்கத்து அறையில் இருக்கிறது. ஆக, என் மெஷினால் கீழே போய்ச் சேர முடியவில்லை. பக்கத்து மெஷினும் அப்படித்தான். எண்ணிப் பார்த்தோம். 1 முதல் 23 வரை நல்லா ஓடுகிறது. 24 முதல் 40 வரை பதினேழும் அவுட்.

லேப்பை பார்த்துக்கொள்கிற அண்ணன் ஒருத்தர் உண்டு. காண்ட்ராக்ட் வேலை. சம்பளத்தைச் சொன்னால் உங்களுக்கே சங்கடமாக இருக்கும், அதனால் விட்டுவிடுகிறேன். பதினோரு மணிக்கு ஹெச்.ஓ.டி. வந்தார், பார்த்தார், எங்கள் முன்னாலேயே அண்ணனைக் கிழித்துத் தொங்கப் போட்டார். "நேத்து ஓடுன சாதனம் இன்னைக்கு எப்படி ஓய் ஓடாம போகும்? நீரு என்னத்தையோ நோண்டியிருக்கீரு." அண்ணன் ஒண்ணும் பேசவில்லை. இந்த ஸ்விட்ச்சை மாட்டின கடைக்காரருக்குப் போன் போட்டார்கள். "நான் போட்டுட்டு வரும்போ ஓடிச்சு, யாரோ கைய வச்சிருக்காவ" என்று அவர் வைத்துவிட்டார். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. எக்ஸ்டர்னல் வருவது ஒரே ஒரு நாள், அதுவும் மத்தியானம் வரைக்கும்தான். 23 மெஷினை வைத்துக்கொண்டு முழு வகுப்பையும் உட்கார வைக்க முடியாது. சாயங்காலத்துக்குள்ளே சரியாகவில்லையென்றால் மேலே எழுதிக் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டு ஹெச்.ஓ.டி. போய்விட்டார்.

இங்கே ஒரு பின்கதை. நம்ம ஊரில் ஐப்பசி இடி எப்படி என்று தெரியுமே. மத்தியானம் வரைக்கும் வெயில், மூணு மணிக்கு மலைப்பக்கம் கறுத்தால் நாலு மணிக்கு டி.வி. வயரைப் பிடுங்கிவிட வேண்டியதுதான். முந்தின வாரம் அப்படி விழுந்த இடியில் லேப்பின் இரண்டாவது ஸ்விட்ச் கருகிவிட்டது. அதற்குப் பதிலாகத்தான் கடைக்காரர் திங்கட்கிழமை ஒரு செகண்ட் ஹேண்டு சிஸ்கோ 2960 கொண்டுவந்து மாட்டினார். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஓடியது. புதன் ராத்திரி கரண்டு போய் யு.பி.எஸ்.-ம் படுத்துவிட்டது. வியாழன் காலையில் இந்தக் கூத்து.

மத்தியானம் எல்லாரும் போன பிறகு அண்ணனும் நானும் மட்டும் இருந்தோம். அண்ணன் ஏற்கெனவே ஒரு நல்ல சோதனை செய்து வைத்திருந்தார். கடைசி வரிசை மெஷின் ஒன்றைத் தூக்கி முதல் வரிசையில் வைத்தார், ஓடியது. முதல் வரிசை மெஷினை கடைசி வரிசைக்குக் கொண்டுபோனார், ஓடவில்லை. ஆக மெஷினில் கோளாறு இல்லை, டேலியிலும் இல்லை. காலையில் இதைச் சொல்ல அவருக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை.

பெரியம்மா மகன் ஒருத்தன் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் நெட்வொர்க் வேலை பார்க்கிறான். அவனைக் கூப்பிட்டேன். "எண்ணே, கொஞ்சம் ஃப்ரீயா?" என்றதும், "எதுக்குல, லேப்டாப் வாங்கணுமா?" என்றான். விஷயத்தைச் சொன்னேன். முதலில் ஐ.பி. என்ன வருகிறது என்று பார்க்கச் சொன்னான். 169.254 என்று தொடங்கும் ஒரு நம்பர் வந்தது. நல்ல மெஷினில் 192.168.20 என்று இருந்தது.

"169.254-ன்னா அட்ரஸ் கொடுக்க ஆள் கிடைக்காம மெஷின் தனக்குத்தானே ஒரு அட்ரஸ் போட்டுக்கிடுச்சுன்னு அர்த்தம். சரி, லைட்டு எரியுதா?"

"பச்சையா எரியுதுண்ணே. பக்கத்து பக்கத்து மெஷினுக்கு பிங் போகுது. லேப்புல உள்ள கேமராவும் அதே ஸ்விட்ச்சுலதான் இருக்கு, அதுவும் ஆபீஸ்ல படம் காட்டுது. அப்போ ஸ்விட்ச்சும் கேபிளும் சரிதானே?"

அவன் சிரித்தான். "லைட்ட நம்பாதலே. உங்க இருப்பாய்வு டேலி ஆயிட்டா கணக்கு சரின்னு ஆயிருமா?"

என் அண்ணன் பிளஸ் டூவில் எங்களை மாதிரி காமர்ஸ் எடுத்து, அப்புறம் டிப்ளமோவுக்குப் போனவன். அதனால் என் பாஷையிலேயே சொன்னான். பதினொன்றாம் வகுப்பிலேயே படித்தோமே, இருப்பாய்வு காட்டிக்கொடுக்காத பிழைகள் என்று. விடு பிழை, செய் பிழை, விதிப் பிழை, ஈடுசெய் பிழை. முருகன் கணக்கில் போடவேண்டியதை முத்து கணக்கில் போட்டாலும் பற்றும் வரவும் சமமாகத்தான் நிற்கும். ஸ்விட்ச்சின் பச்சை லைட்டும் அவ்வளவுதான் சொல்லும். கேபிள் சேர்ந்திருக்கிறது, இரண்டு பக்கமும் உயிர் இருக்கிறது. எந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது என்று அது சொல்லாது. அந்தக் கணக்குக்குப் பெயர்தான் விலான்.

விலான் என்றால் என்ன என்று இப்போது நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். (தெரிந்தவர்கள் இந்த இரண்டு மூன்று பத்தியைத் தாண்டிவிடலாம்.) சாதாரண ஸ்விட்ச்சில் 24 ஓட்டை இருந்தால் 24 மெஷினும் ஒரே வீட்டுக்காரர்கள். ஒருத்தன் "எனக்கு அட்ரஸ் கொடுக்க யாராவது உண்டா" என்று கூவினால் எல்லார் காதிலும் விழும். மெஷின் ஆயிரமாகப் பெருகினால் கூச்சலே ஊரைத் தூக்கிவிடும். 1980-களில் அமெரிக்காவில் பெல்கோர் ஆய்வகத்தில் டேவிட் சின்கோஸ்கி என்பவர் ஈதர்நெட்டைப் பெரிதாக்க வழி தேடியபோது இந்த யோசனை பிறந்தது. வயர் அதேதான், பெட்டி அதேதான், ஆனால் உள்ளே ஆளுக்கொரு குழுவாகப் பிரித்துவிடுவது. எங்கள் குடும்பத்து ஓட்டு வீட்டில் தாத்தா காலத்துக்குப் பிறகு மூணு அடுப்பு எரிந்தது. கூரை ஒன்று, நடுவில் சுவர் கிடையாது, ஆனால் ஒருத்தர் அடுப்பில் இன்னொருத்தர் கை வைக்க முடியாது. அது மாதிரி. எங்கள் காலேஜில் 10 ஆபீஸ், 20 லேப், 30 கேமரா. ஃபீஸ் கணக்கு இருக்கிற ஆபீஸ் மெஷினுக்கு லேப்பில் இருந்து போக முடியக் கூடாது என்பதற்காகப் பிரித்திருக்கிறார்கள். எங்களைப் போன்ற பயல்கள் இருக்கிற இடத்தில் அது நியாயம்தான் :-)

சரி, மாடியில் ஒரு ஸ்விட்ச், கீழே ஒரு மெயின் ஸ்விட்ச். லேப்புக்கு ஒரு கேபிள், கேமராவுக்கு ஒரு கேபிள் என்று தனித்தனியாக இழுக்க முடியுமா? ஒரே கேபிளில் எல்லாம் போகவேண்டும். அதற்கு ட்ரங்க் என்று பெயர். எனக்கு உடனே மாத்தூர் தொட்டிப்பாலம்தான் ஞாபகம் வந்தது. திருவட்டாறுக்காரனுக்கு வேறென்ன வரும். 1966-ல் கட்டியது, 28 தூண், பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் ஒரு தொட்டி. பட்டணங்கால் தண்ணீர் ஒரு மலையில் இருந்து அடுத்த மலைக்கு அந்த ஒரே தொட்டியில்தான் போகிறது. அந்தக் கரைக்குப் போன பிறகுதான் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரியும்.

ஆனால் தண்ணீரில் இது இன்னார் வயலுக்கு என்று எழுதியிருக்காது. ட்ரங்க்கில் எழுதியிருக்கும். கேபிளில் போகிற ஒவ்வொரு பொட்டலத்திலும் 4 பைட் அளவுக்கு ஒரு சீட்டு ஒட்டுவார்கள். அதில் 12 பிட் விலான் எண்ணுக்கு. 12 பிட்டில் 4096 எண் வரும், முதலும் கடைசியும் ஒதுக்கியது போக 4094 விலான் வைத்துக்கொள்ளலாம். 1998-ல் ஐ.இ.இ.இ. இதை 802.1கியூ என்று தரப்படுத்தியது. நம் பாஷையில் சொன்னால் குறிப்பேட்டில் எழுதுகிற பேரேட்டுப் பக்க எண். சீட்டு ஒட்டாமல் ஒரு பொட்டலம் வந்தால்? அதற்கென்று நேட்டிவ் விலான் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், எங்கே போடுவது என்று தெரியாததெல்லாம் அங்கே. அனாமத்துக் கணக்கேதான்!

இனி கதைக்கு வருகிறேன். ஸ்விட்ச்சோடு பேச நீல நிறத்தில் தட்டையாக ஒரு கேபிள் உண்டு, கன்சோல் கேபிள். அண்ணன் அலமாரியைக் குடைந்து எடுத்தார். புட்டி என்றொரு சின்ன மென்பொருள், வேகம் 9600. இணைத்தவுடன் ஸ்விட்ச் இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டது: ஆரம்ப அமைப்பு வேலைகளைத் தொடங்கலாமா, ஆமாவா இல்லையா. பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லை. வாட்ஸ்அப் வீடியோவில் இதைக் காட்டினேன்.

"அடப்பாவி! சேவ் பண்ணாமப் போயிருக்கான்டே" என்றான் டெக்னோபார்க் அண்ணன்.

விஷயம் இதுதான். ஸ்விட்ச்சில் நாம் கட்டளை கொடுத்தவுடனே அது வேலை செய்யத் தொடங்கிவிடும். ஆனால் அது தற்காலிக நினைவில்தான் இருக்கும். "ரைட் மெமரி" என்று தனியாகச் சொன்னால்தான் நிரந்தரமாக எழுதிக்கொள்ளும். கடைக்காரர் திங்கட்கிழமை எல்லாம் சரியாகச் செய்துவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் அடிக்காமல் போயிருக்கிறார். கரண்டு போகாத வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. மூன்று நாள் ஓடியதே என்று எல்லாரும் சொன்னது நிஜம்தான். "நான் போட்டுட்டு வரும்போ ஓடிச்சு" என்று அவர் சொன்னதும் நிஜம்தான்.

"ஷோ விலான் ப்ரீஃப்" என்று அடிக்கச் சொன்னான். பட்டியல் வந்தது. 20 என்று ஒரு வரி இருக்கிறது, 30 என்று ஒரு வரி இருக்கிறது, இரண்டுக்கும் நேரே காலி. எல்லா ஓட்டையும் 1 என்ற வரியில் குவிந்து கிடந்தது. விலான்களின் பெயர்ப் பட்டியலை இந்த ஸ்விட்ச் வேறொரு கோப்பில் தானாகவே எழுதி வைத்துக்கொள்ளுமாம், அதனால் அது பிழைத்துக்கொண்டது. எந்த ஓட்டை எந்த விலான் என்பது மட்டும் அழிந்துவிட்டது. பேரேட்டில் தலைப்பெல்லாம் இருக்கிறது, உள்ளே ஒரு பதிவும் இல்லை.

1 முதல் 17 வரை விலான் 20-இல் போடச் சொன்னான். போட்டேன். மறுபடி பட்டியலைப் பார்த்தேன், அழகாக வந்துவிட்டது. மெஷினை ரீஸ்டார்ட் செய்தோம். அதே 169.254.

எனக்கு வெப்ராளம் வந்துவிட்டது. "எண்ணே, இது இல்ல போல. பழையபடி மாத்திரவா?"

"மாத்துன, கொன்னுருவேன். ஒரு தப்ப திருத்துனதும் சரியாகலன்னா, திருத்துனது தப்புன்னு அர்த்தமில்ல. ரெண்டாவது ஒண்ணு இருக்கும். ரெண்டு தப்பு இருக்கப்போ முத தப்ப திருத்திட்டு, ஒண்ணும் மாறலன்னு அதை அழிச்சிட்டு, அடுத்தத திருத்திட்டு, அதுவும் மாறலன்னு அழிச்சிட்டு... விடிய விடிய உக்காந்திருப்பாவ. நானும் இருந்திருக்கேன்."

இதற்கிடையில் எனக்கு இன்னொரு எரிச்சல். நான் ஏதாவது அடித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு நீள வரி தானாக வந்து விழுந்துகொண்டிருந்தது. நிமிஷத்துக்கு ஒரு தடவை. நான் என்டரைத் தட்டி மேலே தள்ளிக்கொண்டே இருந்தேன். ஏழெட்டு தடவை தள்ளியிருப்பேன். "அது என்னதுல, நடுவுல நடுவுல?" என்றான். "சும்மா எதோ எரர்ணே, அது கெடக்கு" என்றேன். "எடே, எதோ எரருன்னா? படிச்சுக் காட்டு!"

படித்தேன். நேட்டிவ் விலான் மிஸ்மேட்ச். இந்தப் பக்கம் ஃபாஸ்ட் ஈதர்நெட் 0/24, அடைப்புக்குறிக்குள் 1. அந்தப் பக்கம் மெயின் ஸ்விட்ச்சின் பெயர், 0/22, அடைப்புக்குறிக்குள் 30.

இந்தக் கம்பெனி ஸ்விட்ச்சுகள் பக்கத்து ஸ்விட்ச்சோடு நிமிஷத்துக்கு ஒருமுறை நலம் விசாரித்துக்கொள்ளுமாம். நான் இந்த ஓட்டையில் 1 என்று வைத்திருக்கிறேன், நீ என்ன வைத்திருக்கிறாய்? ரொக்க ஏட்டையும் வங்கிச் செல்லேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் அடிக்கிறோமே, வங்கிச் சரிகட்டும் பட்டியல், அதேதான். ஸ்விட்ச்சே போட்டு, வேறுபாடு இன்ன இடத்தில் என்று எழுதியும் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதை என்டர் தட்டித் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"30 யாருடே?" என்றான். கேமரா. "அப்போ மேல இருந்து வர்ற கேபிள் கீழ கேமரா ஓட்டையில போய் சொருகியிருக்கு. மெயின்ல போய்ப் பாரு. லேப்போட இன்னொரு ஸ்விட்ச் எதுல இருக்கு, அதுக்குப் பக்கத்துல காலியா ஒண்ணு கெடக்கும்."

அண்ணனை மாடியிலேயே விட்டுவிட்டு நான் மட்டும் கீழே போனேன். ரேக்கைத் திறந்தேன். 23-இல் "மாடி லேப் 1" என்று ஸ்டிக்கர் ஒட்டிய கேபிள். அதற்கு நேர் கீழே 24, காலி. அதற்குப் பக்கத்து 22-இல் ஸ்டிக்கர் இல்லாத ஒரு சாம்பல் கேபிள்.

அந்த சாம்பல் கேபிளைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

புதன்கிழமை மத்தியானம் செமினார் ஹாலில் எங்கள் டிபார்ட்மெண்டுக்கு ஆன்லைனில் ஒருத்தர் பேசினார். ஹாலில் நெட் கிடைக்கவில்லை. "நான் பார்த்துக்கிடுதேன் சார்" என்று வீரமாகக் கிளம்பியது நான்தான். ரேக்கில் ஒரு கேபிளைக் கழற்றிவிட்டு ஹால் கேபிளை அந்த ஓட்டையில் சொருகினேன். அதில் நெட் வரவில்லை. பக்கத்தில் வேறொன்றில் சொருகினேன், வந்தது. கூட்டம் முடிந்ததும் ஹால் கேபிளை உருவிவிட்டு, கழற்றி வைத்த கேபிளைப் பழையபடி சொருகினேன். பழையபடி என்று நினைத்துக்கொண்டு சொருகினேன். எல்லா ஓட்டையும் ஒண்ணுபோலத்தானே இருக்கு! பச்சை லைட்டும் எரிந்தது. அன்று லேப்பில் ஆள் கிடையாது, எல்லாரும் ஹாலில். அதற்கப்புறம் நான் அதை மறந்தே போனேன். காலையில் அண்ணன் திட்டு வாங்கும்போது நான் அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு நிமிஷம்கூட எனக்கு அது ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது. வரவில்லை.

ரேக் அறையில் வேறு யாரும் இல்லை. 22-இல் இருந்து உருவி 24-இல் சொருகினால் தீர்ந்தது கதை. கடைக்காரர் சேவ் செய்யாமல் போனதுதான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அது பொய்யும் இல்லை.

சொருகினேன். லைட்டு ஆரஞ்சாக எரிந்தது. பச்சை வரவில்லை. போனில் "பொறுடே, முப்பது செகண்டு" என்றான். புதிதாக ஒரு கேபிள் ஏறினால் ஸ்விட்ச் உடனே திறந்துவிடாது. பதினைந்து செகண்டு காது கொடுத்துக் கேட்கும், பதினைந்து செகண்டு யார் யார் எந்தப் பக்கம் என்று படிக்கும். கேபிள்கள் வட்டமாகச் சுற்றிக்கொண்டு, ஒரே பொட்டலம் முடிவில்லாமல் ஓடிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஸ்பானிங் ட்ரீ என்று பெயர், ரேடியா பெர்ல்மன் என்ற அம்மா 1985-ல் உருவாக்கியது. அந்த முப்பது செகண்டில் நான் எத்தனை சாமியைக் கும்பிட்டேன் என்று கணக்கில்லை. ஆதிகேசவப் பெருமாளை மூன்று வாசலிலும் நின்று கும்பிட்டுவிட்டேன்.

பச்சை வந்தது. மாடியில் இருந்து அண்ணன் சத்தம் கேட்டது: "வந்தாச்சு மக்களே, வந்தாச்சு!" ஓடினேன். 192.168.20. டேலியைத் திறந்தேன். எஜுகேஷனல் மோடு என்ற எழுத்து இல்லை. ஏப்ரல் 5 அடித்தேன், வாங்கிக்கொண்டது. 12 அடித்தேன். 14, 19, 23 என்று சும்மா சும்மா அடித்துப் பார்த்தேன்.

அப்போது ஆபீஸில் இருந்து வாட்ச்மேன் தாத்தா போன். "லேப்பு கேமரா போச்சு தம்பி, கறுப்பா கெடக்கு."

எனக்குத் திரும்பவும் வெப்ராளம். டெக்னோபார்க் அண்ணன் மட்டும் கைதட்டிச் சிரித்தான். யோசித்துப் பாருங்கள். கேமராவின் ஓட்டையும் ராத்திரியோடு 1-க்குப் போய்விட்டது, அது ஒரு தப்பு. கேபிள் கீழே 30-இல் சொருகியிருந்தது, அது ஒரு தப்பு. சீட்டில்லாமல் மேலே இருந்து இறங்கியதெல்லாம் கீழே 30-இல் போய் விழுந்தது, கேமரா போகவேண்டிய இடமும் 30. இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கேமரா மட்டும் சரியாக ஓடியிருக்கிறது. ஈடுசெய் பிழைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்கள் புத்தகத்தில் இல்லை. அந்தக் கேமராவை நம்பித்தான் கேபிள் சரி, ஸ்விட்ச் சரி என்று பகல் பூரா வாதாடிக்கொண்டிருந்தோம். 20-ஆம் ஓட்டையை விலான் 30-இல் போட்டதும் படம் வந்துவிட்டது. கடைசியில் "ரைட் மெமரி". இரண்டு தடவை அடித்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

மணி ஏழே முக்கால். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் அண்ணன் கட்டன்சாயாவும் பழம்பஜ்ஜியும் வாங்கித் தந்தார். என் தோளில் தட்டி, "நீ இல்லேன்னா நாளைக்கு என் பாடு நாறியிருக்கும் மக்கா" என்றார். பழம்பஜ்ஜி தொண்டையில் இறங்கவில்லை. சொல்லிவிட்டேன். புதன்கிழமை கேபிளைக் கழற்றியது நான்தான் அண்ணே, மாற்றிச் சொருகியதும் நான்தான்.

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. சாயாவைக் குடித்து முடித்தார். "சாருகிட்ட சொல்லுவியா?" என்று மட்டும் கேட்டார்.

ராத்திரி டெக்னோபார்க் அண்ணனிடம் திரும்பவும் பேசினேன். அவன் இரண்டு விஷயம் சொன்னான். ஒன்று, என்னைக் கடுப்பேற்றுகிற விஷயம்: லேப்பின் முதல் ஸ்விட்ச்சில் ஒரு மெஷினைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் இருந்து இரண்டாவது ஸ்விட்ச்சுக்கு ஒரு கேபிள் போட்டிருந்தால், ஒரு கட்டளையும் இல்லாமல் மத்தியானமே பரீட்சைக்குப் போதுமான அளவுக்கு ஓடியிருக்குமாம். "ஆனா அப்படி ஒப்பேத்தியிருந்தா கீழ உள்ள தப்பு அங்கேயே கெடக்கும்லா" என்றான். இரண்டாவது, பாஸ்டனில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் என்ற பெரிய ஆஸ்பத்திரியில் 2002 நவம்பரில் நடந்தது. அங்கே சிக்கல் ஸ்பானிங் ட்ரீயில். ஒரு ஆராய்ச்சியாளரின் கம்ப்யூட்டர் பெரிய அளவில் தகவலை அள்ளிக் கொட்ட, வருஷக்கணக்காக ஒட்டு மேல் ஒட்டாக வளர்ந்திருந்த நெட்வொர்க் தாங்காமல் விழுந்தது. கிட்டத்தட்ட நாலு நாள் டாக்டர்கள் காகிதத்தில் எழுதி, ஆள் விட்டு ரிப்போர்ட் அனுப்பினார்கள். அந்த ஆஸ்பத்திரியின் தகவல் தொழில்நுட்பத் தலைவர் ஜான் ஹலாம்கா அதை மூடி மறைக்கவில்லை. எங்கே தவறினோம் என்று ஊர் ஊராக எல்லாருக்கும் சொன்னார். அண்ணன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கதையைத்தான் முதலில் படிக்கக் கொடுத்தார்களாம்.

அவன் எதற்காக இதை என்னிடம் சொன்னான் என்று எனக்குத் தெரியும். அவனிடமும் நான் கேபிள் விஷயத்தைச் சொல்லியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ப்ராக்டிகல் நடந்தது. நாற்பது மெஷினும் ஓடியது. மத்தியானம் எக்ஸ்டர்னல் கிளம்பிய பிறகு ஹெச்.ஓ.டி. அறைக்குப் போய் நின்றேன். புதன்கிழமை நடந்ததை முழுக்கச் சொன்னேன். அண்ணன் ஒன்றையும் நோண்டவில்லை என்பதையும், மெஷினை மாற்றி வைத்து அவர் செய்த சோதனையையும் சொன்னேன். சார் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "ஹால்ல நெட்டு வேணும்னு உன்னை அனுப்புனது நான்லா" என்றார். பிறகு, "நீ போ" என்றார்.

சாயங்காலம் லேப் பக்கம் போனபோது சார் உள்ளே அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தார். கதவு சாத்தியிருந்தது. என்ன பேசினார்கள் என்று அண்ணன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மேலே எழுதிக் கொடுக்கிற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

பி.கு: இப்போது ரேக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. 24 ஓட்டைக்கும் பேரேடு மாதிரி கோடு போட்டு, எந்த ஓட்டை, எங்கே போகிறது, எந்த விலான், யார் எப்போது கை வைத்தார் என்று நான்தான் எழுதினேன். கேபிளுக்கெல்லாம் அண்ணன் ஸ்டிக்கர் ஒட்டினார். 22-க்கு நேரே "காலி" என்று நான் எழுதியிருந்ததற்குப் பக்கத்தில், அவர் கையெழுத்தில் சின்னதாக என் பெயரையும் அந்தப் புதன்கிழமை தேதியையும் எழுதி வைத்திருக்கிறார். அழிக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். பேரேட்டில் அழிக்கக் கூடாது தம்பி என்று என்னிடமே சொல்கிறார் :-)